48 கிலோபைட்டில் குடவாசல்

குடவாசலிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் பரண்மேல் ஏறிக் கிடக்கும் பொருள்களுள் இரண்டை, இக்கட்டுரையை வாசிப்பவர்கள் கீழே இறக்கித் துடைத்து வைக்க வேண்டுமென்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, 2006ஆம் வருஷம் செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கி அரசாங்கம் இலவசமாக வழங்கியதும், தட்டைத் திரைகள் வந்த பிறகு மதிப்பாரின்றிப் போனதுமான 14 அங்குல வர்ணத் தொலைக்காட்சிப் பெட்டி. மற்றொன்று, 2011ஆம் வருஷம் அதே செப்டம்பர் 15ஆம் தேதி ஆரம்பித்த திட்டத்தின்கீழ் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டு, வாங்கிய பிள்ளை படித்து முடித்துத் திருப்பூருக்கோ சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போன பிற்பாடு பீரோவின் அடித்தட்டில் உறங்கும் மடிக்கணினி. இவ்விரண்டும் உள்ள வீட்டில், 1982ஆம் வருஷத்து வீட்டுக் கணிப்பொறி ஒன்றைக் கற்பதற்கு வேண்டிய உபகரணங்களில் பெரும்பங்கு ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது.

நான் சொல்லும் கணிப்பொறி, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தைச் சேர்ந்த ஸிங்க்ளேர் ரிசர்ச் என்ற ஸ்தாபனம் 1982 ஏப்ரல் 23ஆம் தேதி வெளியிட்ட இஸட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம். ரிச்சர்ட் ஆல்ட்வாஸர் அதன் மின்சுற்றை அமைத்தார். அதன் பேஸிக் மொழியைப் பெரும்பாலும் எழுதியவர் ஸ்டீவன் விக்கர்ஸ். சாம்பல் நிற ரப்பர் விசைகள் பதித்த, பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைவிடச் சிறிய அந்தக் கறுப்புப் பெட்டிக்குத் தனித் திரை கிடையாது, வீட்டுத் தொலைக்காட்சிதான் திரை. எழுதியதைச் சேமித்து வைக்கத் தட்டு கிடையாது, பாட்டுக் கேட்கும் டேப்ரிகார்டர்தான் சேமிப்புக் கிடங்கு. 16 கிலோபைட் ராம் உள்ளது 125 பவுனுக்கும், 48 கிலோபைட் உள்ளது 175 பவுனுக்கும் விற்றன. அதனுள் இருக்கும் இஸட்80ஏ என்ற சில்லு எட்டக்கூடிய மொத்த நினைவிடமே 65,536 பைட்டுகள்தாம். அதில் 16,384 பைட் பேஸிக் மொழிக்கும், மீதி உபயோகிப்பவருக்கும். கைப்பேசியில் இன்று எடுக்கும் ஒரேயொரு புகைப்படம் இதைப்போல் பல மடங்கு இடத்தை விழுங்கிவிடும்.

இவ்வளவு சொற்பமான யந்திரத்தை இக்காலத்தில் எதற்காகக் கற்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு என் பதில், சொற்பமாக இருப்பதனாலேயே கற்க வேண்டும் என்பதுதான். அந்த 16,384 பைட்டுகளும் ஒவ்வொன்றாக என்ன செய்கின்றன என்பதை இயன் லோகன், ஃபிராங்க் ஓஹாரா என்ற இருவர் விளக்கி 1983ஆம் வருஷத்திலேயே புத்தகமாக வெளியிட்டுவிட்டார்கள். ஒரு விசையை அழுத்திய கணத்திலிருந்து திரையில் எழுத்துத் தோன்றும் கணம் வரைக்கும் நடப்பது அத்தனையையும், மறைவு ஒன்றுமில்லாமல், ஒரே மனிதர் ஒரே வருஷத்துப் பிரயத்தனத்தில் அறிந்துகொள்ளலாம். இன்று நம் கையிலிருக்கும் எந்தக் கணிப்பொறியைப் பற்றியும், அதை உண்டாக்கிய ஸ்தாபனத்தின் தலைமைப் பொறியாளர்கூட அப்படிச் சொல்லிக்கொள்ள இயலாது.

இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் பழைய கணிப்பொறிகளை நாடுகிறவர்களிற் பெரும்பாலோர் தங்கள் பால்யத்தைத் தேடிச் செல்கிறார்கள். நம் பக்கத்து விஷயம் வேறு. 1984 நவம்பரில் மத்திய அரசாங்கம் புதிய கணிப்பொறிக் கொள்கையை அறிவித்தபோது, குடவாசல் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். சாகுபடியை நம்பிய குடும்பத்துக்கு வீட்டுக் கணிப்பொறி என்பது பத்திரிகையில் படித்தறிந்த பொருளாகவே இருந்தது. டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் என்ற இந்திய நிறுவனம் உரிமம் பெற்று 1986இல் டி.பி. ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்ற பெயரில் இந்த யந்திரத்தை இங்கேயே விற்கத் தொடங்கியும், சில ஆயிரம் வீடுகளோடு அது நின்றுவிட்டது. ஆகவே நாம் இழந்த இளமை ஒன்றை மீட்கப் போவதில்லை. முதல் பாடம் நடக்காமலே நேராக இறுதி வகுப்பில் உட்கார்த்தி வைக்கப்பட்ட ஒரு தலைமுறையின் பிள்ளைகள், அந்த விட்டுப்போன முதல் பாடத்தைப் படிக்கப் போகிறார்கள். இந்த வித்தியாசத்தை மனத்திற் கொண்டால், எதை முதலில் செய்ய வேண்டும், எதில் பணம் செலவழிக்க வேண்டியதில்லை என்பவையெல்லாம் தாமாகவே தெளிவாகிவிடும்.

ஆரம்பத்திலேயே யந்திரத்தை விலைக்கு வாங்கிவிடக் கூடாது. ஸ்பெக்ட்ரமைப் போலவே நடந்துகொள்ளும் நிரல்கள், எமுலேட்டர் என்று சொல்லப்படுபவை, இலவசமாகக் கிடைக்கின்றன. லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும் ஃப்யூஸ் என்பது அவற்றுள் நம்பத்தக்கது. ஸிங்க்ளேரின் கணிப்பொறி வியாபாரத்தை 1986இல் வாங்கிக்கொண்ட ஆம்ஸ்ட்ராட் நிறுவனம், யந்திரத்தின் ரோம் நிரலை எமுலேட்டர்களோடு சேர்த்து வழங்க அனுமதித்திருக்கிறபடியால் இதில் சட்ட விரோதமானது எதுவும் இல்லை. பீரோவிலிருக்கும் அந்த இலவச மடிக்கணினியே இதற்குத் தாராளமாகப் போதும். பாட்டரி செத்துப்போயிருந்தால் சார்ஜரைச் செருகியபடியே வைத்துக்கொள்ளலாம்.

திரையில் மின்னி மின்னி அணையும் ஒரு ‘கே’ எழுத்து தோன்றும்போது, யந்திரம் கட்டளைக்குக் காத்திருக்கிறது என்று பொருள். இங்கே புதியவர்களைத் திகைக்கச் செய்யும் ஒரு பிரத்தியேக ஏற்பாடு உண்டு: கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்வதில்லை, ‘பி’ விசையை அழுத்தினால் பிரிண்ட் என்ற முழுச்சொல்லும், ‘ஜே’க்கு லோட் என்பதும், ‘ஓ’வுக்குப் போக் என்பதும் தாமே வந்து விழும். முதலில் பார்டர் 4 என்று கொடுத்துப் பாருங்கள். திரையின் விளிம்பு முழுவதும் நாற்றங்கால் பச்சையாக மாறிவிடும். 0 கறுப்பு, 1 நீலம், 2 சிவப்பு, 6 மஞ்சள், 7 வெள்ளை. ‘ஏ’ விசையில் மாத்திரம் ஜாக்கிரதை தேவை. அது நியூ என்ற கட்டளை. அதை அழுத்தி என்டர் தட்டினால், ஒரு கேள்வியும் கேட்காமல் யந்திரம் நீங்கள் எழுதியதனைத்தையும் அழித்துவிடும்.

விளையாட்டுகளைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, குழந்தைகள் தாமே கண்டுபிடித்துக்கொள்வார்கள். இந்த யந்திரத்துக்குத் தமிழ் தெரியாது, அதை நாம்தாம் கற்பிக்க வேண்டியிருக்கிறது என்பதே ஆரம்ப மாணவனுக்கு வாய்த்த மிகப் பெரிய சௌகரியம் என்பது என் அபிப்பிராயம். வெளிநாட்டுப் புத்தகத்தில் உள்ள பயிற்சியை அப்படியே தட்டச்சு செய்கிறவன் முடிந்ததும் மறந்துவிடுகிறான். தன் ஊர்ப் பெயரைத் தன் எழுத்தில் தோன்றச் செய்தவனுக்குப் பைட் என்பது என்ன என்று பிறகு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்பெக்ட்ரம் திரையில் ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டம். ஒரு வரியில் 32 கட்டங்கள், மொத்தம் 24 வரிகள். கட்டத்தின் ஒவ்வொரு வரிசையும் ஒரு பைட். இடமிருந்து வலமாக அதன் புள்ளிகளுக்கு 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் எட்டுக்கு எட்டுச் சதுரம் ஒன்றை வரைந்து, அதில் ‘ட’ எழுதிப் பாருங்கள். மேல் வரிசை காலி, அதாவது 0. அடுத்த ஐந்து வரிசைகளில் இடப்பக்கக் கோட்டுக்கு ஒவ்வொரு புள்ளி, ஆகவே 64 என்பது ஐந்து தடவை. ஏழாம் வரிசையில் கிடைக்கோடு: 64, 32, 16, 8, 4, 2 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 126. எட்டாவது மறுபடியும் 0. இந்த எட்டு எண்களையும் டேட்டா என்ற வரியில் எழுதி, ஃபார் – நெக்ஸ்ட் சுற்றில் ரீட் செய்து, யூ.எஸ்.ஆர். ‘ஏ’ என்ற முகவரியிலிருந்து வரிசையாகப் போக் செய்துவிட்டால், அதாவது நினைவிடத்தில் எழுதிவிட்டால், தமிழின் ஓரெழுத்து அந்த யந்திரத்தில் குடியேறிவிட்டது. 48 கிலோபைட் யந்திரத்தில் அந்த முகவரி 65368. கேப்ஸ் ஷிஃப்டுடன் 9ஐ அழுத்தி, பிறகு ‘ஏ’ விசையைத் தட்டினால் ‘ட’ வரும். ‘ப’ எழுத இன்னொரு கோடு போதும். 64 இருந்த இடங்களிலெல்லாம் 66.

குடவாசல் என்ற பெயருக்குக் கு, ட, வ, துணைக்கால், ச, ல் என்று ஆறு கட்டங்கள். ஆறெட்டு 48 எண்கள். ‘ட’வும் துணைக்காலும் ஒரு பிற்பகலில் முடியும். ‘கு’ அப்படியல்ல, எட்டே வரிசைகளுக்குள் அதன் கீழ்ச் சுழியை அடக்குவது, கையெழுத்து நன்றாக உள்ளவர்களையும் பலமுறை அழித்து எழுத வைக்கும். அவ்வாறு அழித்து எழுதும்போதுதான், ஓர் எழுத்தில் எந்தக் கோடு அதன் உயிர், எது வெறும் அலங்காரம் என்பது தெரிய வருகிறது. 1978இல் தமிழ்நாட்டு அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணை, லை, றா, னா முதலியவற்றின் பழைய தனி வடிவங்களை நீக்கியது எவ்வளவு பெரிய சகாயம் என்பதும், இந்த எட்டுக்கு எட்டுச் சதுரத்தோடு மல்லாடியவர்களுக்கு நன்கு விளங்கும்.

இம்மாதிரி நாமே வரையும் எழுத்துகளுக்கு ஸ்பெக்ட்ரம் ஒதுக்கியிருப்பவை 21 கட்டங்கள்தாம். மெய் 18க்கும் கட்டம் கொடுத்தால் மூன்று மிஞ்சும். புள்ளிக்கென்று தனித்தனியாகப் பதினெட்டு எழுத்து வரைய வேண்டிய அவசியமில்லை. ஓவர் 1 என்ற கட்டளை, முன்பிருந்த எழுத்தை அழிக்காமல் அதன்மேலேயே இன்னொன்றை எழுதும், சி.எச்.ஆர். டாலர் 8 ஒரு கட்டம் பின்னுக்குப் போகச் செய்யும். ‘க’ எழுதி, பின்வாங்கி, மேல் வரிசையில் ஒற்றைப் புள்ளியுள்ள கட்டத்தை அதன்மேல் எழுதினால் ‘க்’ ஆகிவிடும். ஆனால் ஓவர் 1இல் புள்ளியின்மேல் புள்ளி விழுந்தால் இரண்டும் மறைந்துபோகும் ஆதலால், எல்லா எழுத்துக்கும் மேல் வரிசையைக் காலியாக விட்டிருக்க வேண்டும். பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்த்தவர்கள், அங்கே புள்ளி பெரும்பாலும் வெட்டப்படாமலே விடப்பட்டிருப்பதையும், படிப்பவர்கள் தாமே அதை இட்டுப் படிப்பதையும் அறிவார்கள். கட்டம் போதாத மாணவன் முதல் சில நாட்களுக்கு அந்த மரபையே பின்பற்றலாம்.

அதற்கும் மேலே போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. யந்திரம் தன் 96 எழுத்துகளின் வடிவத்தை எங்கே தேட வேண்டும் என்ற முகவரி 23606, 23607 ஆகிய இரண்டு இடங்களில் குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. 768 பைட் இடத்தில் நம் எழுத்துகளை வரைந்து வைத்து, அம்முகவரியை மாற்றிவிட்டால் எல்லா எழுத்தும் நம்முடையதாகும். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, உகர ஊகார எழுத்துகள் 36, துணைக்காலும் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஐகாரக் குறியும் ஆக 4, மேலே எழுதத்தக்க புள்ளி, இகரச் சுழி, ஈகாரச் சுழி 3: மொத்தம் 74. மீதி 22இல் எண்கள் 10, கிரந்த எழுத்து 5, இடைவெளி 1, நிறுத்தக் குறிகள் 6. முழுத் தமிழும் அடங்கிவிட்டது. அப்போது நிரலின் பட்டியலும் தமிழெழுத்தாகவே தோன்றிக் குழப்பும். 23606இல் 0வும் 23607இல் 60ம் போக் செய்தால் பழைய நிலை திரும்பும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்ற தமிழ் எழுதும் மென்பொருளைத் தொடங்கிய காலத்தில் தமிழெழுத்தை யந்திரத்தில் அடக்க முயன்றவர்கள் எல்லோருக்கும் முன்னால் இருந்த பிரச்சினை சாராம்சத்தில் இதுதான்.

இவ்வளவும் மடிக்கணினியில் செய்து பார்த்த பிறகும் ஆவல் குறையாதவர்கள் மெய்யான யந்திரத்தைத் தேடலாம். அந்தக் கட்டத்தில் நமக்குள்ள ஓர் அனுகூலம், இங்கிலாந்தும் இந்தியாவும் அக்காலத்தில் ஒரே பால் தொலைக்காட்சி முறையைப் பின்பற்றியதும், ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தையும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும் உபயோகிப்பதும். பிரிட்டனிலிருந்து உறவினர் ஒருவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் ஸ்பெக்ட்ரம், பிளக்கை மாற்றினால் இங்கே வேலை செய்யும். அமெரிக்காவிலிருந்து வரும் கமடோர் 64 அப்படியல்ல, அதன் 120 வோல்ட் மின்பெட்டியை நம் சுவரில் நேராகச் செருகினால் அக்கணமே அது நாசமாகிவிடும்.

புதியவர்கள் பழைய யந்திரத்தைக் கொல்லும் இடம் அநேகமாக அடாப்டர்தான். ஸ்பெக்ட்ரமுக்கு வேண்டியது 9 வோல்ட் நேர்மின்சாரம், அதிலும் ஊசியின் நடுப்பகுதி எதிர்முனையாக இருக்க வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு நடுப்பகுதி நேர்முனை. வைஃபை பெட்டிக்கு வந்த 12 வோல்ட் அடாப்டர் துளையில் அழகாகப் பொருந்துகிறதே என்று செருகிவிடக் கூடாது. மல்டிமீட்டரால் அளந்து, இரண்டு முனைகளையும் சோதித்த பிறகே இணைக்க வேண்டும். உள்ளே இருக்கும் பழைய ராம் சில்லுகளுக்கு 5, 12 வோல்ட்டுகளோடு மைனஸ் 5 வோல்ட்டும் வேண்டும். அந்த மைனஸ் 5 தவறினால் சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விடும். பின்புறத் துளையில் எதையும், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது செருகவும் கூடாது, பிடுங்கவும் கூடாது.

இந்தக் காரியங்களில் குரு வேண்டுமென்றால், கடைத்தெருவில் டி.வி. மெக்கானிக் ஒருவர் இன்னமும் கடை வைத்திருப்பாரானால் அவரிடம் போங்கள். சால்டரிங் பிடிக்கத் தெரிந்த, பால் சிக்னல் என்றால் என்னவென்று கையாலேயே அறிந்த அந்த மனிதர்களின் வித்தைக்கு இன்று கிராக்கி குறைந்துவிட்டது. இந்த யந்திரமோ முழுவதும் அவர்கள் காலத்து வித்தையால் ஆனது. ஸ்பெக்ட்ரம் தன் படத்தை யு.எச்.எஃப். 36ஆம் சேனலில் அனுப்புகிறது, தொலைக்காட்சியில் ஏ.வி. துளை இருந்தால், ஸ்பெக்ட்ரமின் உள்ளே இரண்டு கம்பிகளை மாற்றிப் பற்றவைத்து நேராகப் படத்தை அதற்குள் கொடுத்துவிடலாம், எழுத்து இன்னும் தெளிவாகத் தெரியும். மெக்கானிக்குக்கு அது அரைமணி வேலை. ஆனால் தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகை மட்டும் மாணவர்கள் திறக்கவே கூடாது. அணைத்த பிறகும் அதன் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். கும்பகோணத்தில் கிடைக்காத சில்லுகளுக்குச் சென்னை ரிச்சி தெரு இருக்கிறது.

திருவீழிமிழலை சகோதரர்கள் பிறந்து நாகஸ்வரம் வாசித்த வட்டாரம் இது. ஒலிநாடாவில் கச்சேரி கேட்ட பழக்கமுள்ள வீடுகளில் டேப்ரிகார்டர் ஒன்று தேடினால் அகப்படும். லோட் கட்டளை கொடுத்து நாடாவை ஓடவிட்டால், திரையின் விளிம்பில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமுமான பட்டைகள் நிதானமாக ஓடும். பிறகு நீலமும் மஞ்சளுமாக மெல்லிய கோடுகள் துடிக்கும். முதலாவது முன்னறிவிப்பு, இரண்டாவது செய்தி. முழு 48 கிலோபைட்டும் ஏற ஏறக்குறைய ஐந்து நிமிஷம் ஆகும். பட்டைகள் வந்தும் நிரல் ஏறவில்லையென்றால், டேப்ரிகார்டரின் தலைப்பகுதியில் உள்ள சிறு திருகை ஓசை கூர்மையாகும்வரை சற்றே திருப்பிப் பார்க்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் வருஷக்கணக்காகக் கிடந்த நாடாவில் வெண்பூஞ்சை பூத்திருந்தால் அதை நல்ல டேப்ரிகார்டரில் போடாதீர்கள். பூஞ்சை அடுத்த நாடாவுக்கும் தொற்றும். ஒலிக்கோப்பாகக் கைப்பேசியிலிருந்தே ஓடவிடுவதும் ஒரு வழி. சத்தத்தை முழுவதும் உயர்த்தி, அழைப்பு வராதபடி செய்துவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் இந்த யந்திரங்களுக்குச் சோதனைக் காலம். உலோக இணைப்புகளில் களிம்பு ஏறும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைக்க வேண்டும். விசைப்பலகையின் அடியிலுள்ள மெல்லிய ஏடு காய்ந்து முறியும் சுபாவமுள்ளது. புதிதாகச் செய்த ஏடுகள் விலைக்குக் கிடைப்பதால், பழையதை ஒட்டிப் பிழைக்க வைக்கும் சிரமம் வேண்டாம். ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடியுள்ள டப்பாவில் வைப்பது நல்லது. அறுவடைக் காலத்து நெல் தூசு படியும் திண்ணையில் வைக்கக் கூடாது. மின்சாரம் ஒரு நொடி கண் சிமிட்டினாலும் எழுதியதெல்லாம் போய்விடும் ஆகையால், நிரலை நோட்டில் எழுதி முடித்த பிறகே யந்திரத்தில் ஏற்றும் வழக்கத்தை ஆரம்பத்திலிருந்தே கைக்கொள்ள வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் பல கிராமங்கள் பல நாள் இருளில் கிடந்தது நமக்கு நினைவிருக்கிறது. எண்களைக் கட்டத்தில் வரைந்து கூட்டிக் கணக்கிடும் பகுதிக்கு மின்சாரமே தேவையில்லை.

பள்ளிக்கூடங்களின் பண்டகசாலைகளுக்குப் பொறுப்பானவர்களிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1984–85இல் மத்திய அரசாங்கம் கிளாஸ் என்ற திட்டத்தின்கீழ் மேல்நிலைப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைத் தொடங்கியபோது, அதற்கென்று தேர்ந்தெடுத்த யந்திரம் கேம்பிரிட்ஜின் இன்னொரு ஸ்தாபனமான ஏகார்ன் தயாரித்த பி.பி.சி. மைக்ரோ. 32 கிலோபைட் ராமும் 2 மெகாஹெர்ட்ஸ் 6502 சில்லும் கொண்ட இந்த யந்திரத்தை, மொஹாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் எஸ்.சி.எல். யூனிகார்ன் என்ற பெயரில் இந்தியாவிலேயே செய்தது. பழுப்பேறிய வெண்ணிறப் பெட்டி, கறுப்பு விசைகள், மேல் வரிசையில் செம்மஞ்சள் நிறத்தில் பத்து விசைகள்: இந்த அடையாளமுள்ள பெட்டி எங்கேனும் அலமாரியில் இருந்தால் அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட வேண்டாம். உடனே சுவரில் செருகி ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். மின்பெட்டியில் உள்ள ரைஃபா என்ற வகைக் கெபாசிட்டர்கள் காலத்தால் வெடிப்புவிட்டு ஈரம் வாங்கியிருக்கும், மின்சாரம் பாய்ந்ததும் அறை முழுவதும் புகையைக் கக்கும். மெக்கானிக்கிடம் கொடுத்து முதலில் அவற்றை மாற்ற வேண்டும். மாற்றியபின் போட்டால், சிறு கூவலுக்குப் பிறகு பி.பி.சி. கம்ப்யூட்டர் 32கே என்ற வாசகம் திரையில் வரும்.

அது தொடங்கும் 7ஆம் மோட் என்ற திரை முறையில் நாம் எழுத்து வரைய இயலாது. மோட் 4 என்று கட்டளையிட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு வி.டி.யு. 23, 224 என்று எழுதி, ‘ட’வுக்காக நோட்டில் கணக்கிட்ட அதே எட்டு எண்களைத் தொடர்ந்து கொடுத்தால் போதும், ஸ்பெக்ட்ரமுக்குப் போட்ட கணக்கில் ஒரு எண்ணைக்கூட மாற்ற வேண்டியதில்லை. 224 முதல் 255 வரை 32 கட்டங்கள் இங்கே நம் வசம் இருக்கின்றன. மெய் 18, உயிர் 12 போக இரண்டு மிஞ்சும். ஒன்றைப் புள்ளிக்கும் மற்றதைத் துணைக்காலுக்கும் ஒதுக்கலாம். எழுத்தின்மேல் எழுத்தை எழுத இந்த யந்திரத்தில் வி.டி.யு. 5 என்ற கட்டளை இருக்கிறது.